வியாழக்கிழமை விழவிருந்த கல்

2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், வருகிற வியாழக்கிழமையோடு உலகம் முடிந்துவிடும் என்று ஒரு மனிதரை நம்பவைத்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் குடித்திருக்கவில்லை. அன்று உணவகம் பூட்டு, பொழுது போகவில்லை. நெடுநாள் இந்த இரண்டையும்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வேறு.

பாரிஸில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். நான் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டும் மேசைவரை உயர்ந்தவன். என் வயதுக் கூட்டாளி ஒருவன் அதே தெருவில் இறைச்சிக் கடையில் நின்றான். மூன்றாமவரை அண்ணை என்று கூப்பிடுவோம். நாற்பத்தெட்டு வயது. கிளிநொச்சிப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். குடும்பத்தைப் பின்னால் கூப்பிடலாம் என்று 2007 கடைசியில் தனியே வந்து சேர்ந்தார். பிறகு அங்கே பாதைகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. இங்கே அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி, ரெக்கூர் என்கிற மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். கடிதம் வந்தால் நான் வாசிப்பேன். மருத்துவரிடம் போனால் நான் கூடப் போவேன். தொலைக்காட்சிச் செய்தி ஓடினால் பக்கத்திலிருந்து சொல்வேன். இந்த நகரத்தில் அவருக்கு வாயும் காதும் நான்தான்.

அந்த வேலை எனக்கு வெறுத்துப்போயிருந்தது. தை மாதத்திலிருந்து வைகாசிவரை போரை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் போல நானும் தெருவில் நின்றவன், கத்தியவன், மழையில் நனைந்தவன். எல்லாம் முடிந்தபிறகு எனக்கு அதிலிருந்து விலகி ஓடவேண்டும் போலிருந்தது. அண்ணை விடவில்லை. விடியற்காலையில் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார். மெலிந்த சுவர். எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் ஒரு பெண்ணோடு தொலைபேசியில் பேசிச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"அங்கை சனம் செத்துக் கிடக்கேக்கை உனக்குப் பல்லு இளிக்குது என்ன?"

நான் பேச்சை முடித்துத் தொலைபேசியை வைத்தேன். அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவருடைய மனைவியும் இளைய மகளும் வவுனியாவில் முள்வேலி முகாமுக்குள் இருந்தார்கள். பத்தொன்பது வயது மூத்த மகளைப் பற்றித் தகவல் இல்லை. போரின் கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிந்துவிட்டாள். முகாமில் ஒருவர் ஒளித்துவைத்திருந்த கைபேசிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பிரான்ஸ் நேரம் பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் மனைவியோடு இரண்டு நிமிடம் பேசலாம். அண்ணை கீழே இருந்த தொலைபேசிக் கடையின் கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு கிழமையும் ஒரே கதையைச் சொல்வார்: "மூத்தவள் வேறை முகாமிலை இருக்கிறாளாம். ஒரு ஆள் கண்டதாம். யோசியாதை." நானும் அவருக்காக இணையத்தில் பெயர்ப்பட்டியல்களைக் கிளறியிருக்கிறேன். ஒன்றிலும் அவள் பெயர் இருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நானும் கூட்டாளியும் தரையில் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தோம். பிற்பகல்களில் போடுவார்களே, அமெரிக்காவில் எடுத்து பிரெஞ்சுக் குரல் ஏற்றிய இரண்டு பாகத் தொடர்கள், அப்படி ஒன்று. பூமியை நோக்கி ஒரு விண்கல் வருகிறது. கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் முன்கூட்டியே சொல்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கேட்கிறார்கள். நெடுஞ்சாலைகளில் கார்கள் மைல்கணக்கில் நிற்கின்றன. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அண்ணை கதவைத் திறந்துகொண்டு வந்தார். வழக்கறிஞரிடம் போய்வந்த கோப்பு அவர் கைக்குள் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையில் செய்தி வாசிக்கும் காட்சி. நீலக் கோட்டுப் போட்ட பெண். அவளுக்குப் பின்னால் பூமிப்படம், அதைத் தொடும் சிவப்புக் கோடு. கீழே எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணை சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"என்ன தம்பி? என்ன நடந்தது?"

கூட்டாளி வாய் திறக்கப்போனான். நான் முந்திவிட்டேன்.

"ஒரு கல்லு வருகுதாம் அண்ணை. வானத்திலை இருந்து. பெரிய கல்லு. பாரிஸ் அளவு இருக்குமாம்."

"எங்கை வருகுது?"

"பூமிக்குத்தான். வியாழக்கிழமை விழுமாம்."

"பகிடியே விடுறாய்?"

"நான் ஏன் பகிடி விடுறன்? செய்தியிலை சொல்லுறாள். பாருங்கோ, சனம் ஓடுது."

திரையில் சனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பொதியைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணை அதே மாதிரிக் காட்சிகளை ஊர்ச் செய்திகளில் ஐந்து மாதம் பார்த்தவர். வானத்திலிருந்து ஒன்று விழுந்து சனம் கூட்டத்தோடு சாகும் என்பதை நம்ப அவர் சிரமப்படத் தேவையிருக்கவில்லை.

"எந்தப் பக்கம் விழுது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"இந்து சமுத்திரத்துக்கை."

இதை நான் ஏன் சொன்னேன் என்று நன்றாகத் தெரியும். அதுதான் வலிக்கும் என்று சொன்னேன்.

"அப்ப அங்கை..."

"அங்கைதான் முதல். பேந்து இஞ்சையும் தப்பாது. தூசி மூடிடுமாம்."

கூட்டாளி எழும்பிச் சமையல் மூலைக்குப் போய்த் சிரிப்பை அடக்கத் துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றான். முதல் பாகம் முடிந்து பெயர்கள் ஓடுவதற்கு முன் நான் தொலைக்காட்சியை நிற்பாட்டினேன். அண்ணை யன்னலால் கீழே பார்த்தார். தெருவில் எங்கள் சனம் முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கிக்கொண்டு நின்றது.

"இதுகளுக்கு இன்னும் தெரியாது போலை."

"எங்கடை சனம் எங்கை பிரெஞ்சுச் செய்தி பாக்குது, அண்ணை?"

அவர் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு நான்தானே.

நாங்கள் இருவரும் கால்வாய்க் கரைக்குப் போய் வயிறு நோகச் சிரித்தோம். திரும்பிப் போனதும் சொல்லிவிடுவதாகத்தான் பேச்சு. ஆறு மணிபோலப் படியேறும்போதே நண்டுக் குழம்பு மணத்தது. அண்ணை குளித்து, திருநீறு பூசி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்திருந்தார். தரையில் பேப்பர் விரித்து மூன்று தட்டுகள் வைத்திருந்தார். நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். எங்கள் அறையில் தீபாவளிக்குக்கூட அப்படிச் சமைத்தது கிடையாது.

"இருங்கோ, சாப்பிடுவம்" என்றார்.

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் கையைக் கழுவிவிட்டு இருந்தேன். பசித்தது. நண்டு நன்றாக இருந்தது. சொன்னால் சாப்பாடு கெட்டுவிடும் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அண்டைக்கு உன்னைப் பல்லிளிக்கிறாய் எண்டு ஏசிப்போட்டன். நீ இளம் பெடியன். சிரிக்கத்தானே வேணும். மனசிலை வச்சிருந்தால் மன்னிச்சுக்கொள்."

நான் தீர்க்கவேண்டியிருந்த கணக்கு அதோடு தீர்ந்திருக்கவேண்டும். ஆனால் நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அதெல்லாம் அப்பவே மறந்திட்டன் அண்ணை" என்றேன். கூட்டாளி தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போய்விட்டான். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சேவை முடிந்து மூன்று மணிக்கு ஓய்வுக்கு வந்தேன். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே போட்ட சட்டையைக் கழற்றவில்லை. அவரே பேசினார்.

"சொல்லிப்போட்டன், தம்பி."

"என்னத்தை அண்ணை?"

"மூத்தவள் இல்லை எண்டு."

எனக்கு விளங்கவில்லை. அவர் சுவரோடு பேசுவது போலவே சொல்லிக்கொண்டு போனார். சித்திரை கடைசியில், காயக்காரரோடு கப்பலில் வெளியே வந்த ஒரு தெரிந்த மனிதர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். எறிகணை விழுந்த பதுங்குகுழிக்குள் பிள்ளை இருந்தது. மண்ணை இழுத்து மூடியவர்களில் அந்த மனிதரும் ஒருவர். ஐந்து மாதமாக அண்ணைக்குத் தெரியும். மனைவி இளையவளோடு அந்த வேலிக்குள் இருக்கிறாள், வெளியே வந்தபிறகு சொல்லலாம் என்று வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் சொன்ன 'வேறை முகாம்' கதை அவர் கட்டியது. நான் பட்டியல்களைக் கிளறியபோது பக்கத்தில் இருந்து பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னதும் இதே அண்ணைதான்.

"அவள் நாளாந்தம் வேலிக்கரையிலை போய் நிண்டு வாற பஸ் எல்லாம் பாக்கிறாளாம். இன்னும் ரெண்டு நாள்தானே. தேடித் தேடிச் சாகாமல், தெரிஞ்சு சாகட்டும் எண்டு சொன்னன். சொல்லி முடிக்கேல்லை, லைன் அறுந்து போட்டுது."

நான் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன்.

"அண்ணை, அது படம்."

"எது?"

"அந்தக் கல்லு. டிவிப் படம் அண்ணை. மற்றப் பாதி வாற திங்கள் போடுவாங்கள். செய்தி இல்லை. நாங்கள் சும்மா..."

அவர் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவர் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். தொலைபேசிக் கடைக் கூண்டின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவர் அந்த எண்ணை அழுத்தினார், கேட்டார், வைத்தார். திரும்ப அழுத்தினார். கடைக்காரர் என்னிடம், "என்னவாம் அண்ணைக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் இறங்கிப்போய் எடுத்தார். அந்தக் கைபேசி ஒருபோதும் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்தது. வெயில் நன்றாக இருந்தது. நான் வேலைக்குப் போய்த் தக்காளி வெட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் வெளியே போகச் சட்டையை மாட்டும்போது அண்ணை சொன்னார்:

"இரு. இண்டைக்கு மற்றப் பாதி போடுவாங்களெல்லே."

"என்னது?"

"அந்தப் படம். போடு. நான் பாக்கோணும்."

கூட்டாளி அந்த நேரமே கிளம்பிவிட்டான். நான் போட்டேன். அண்ணை கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"சொல்லு."

"என்ன சொல்ல?"

"அவங்கள் கதைக்கிறதை. எல்லாத்தையும் சொல்லு. ஒண்டும் விடாதை."

ஒன்றரை மணித்தியாலம் நான் மொழிபெயர்த்தேன். விஞ்ஞானி பேசியதை, சனாதிபதி பேசியதை, விண்கலத்தில் போன இரண்டு பேர் பகிடி விட்டுக்கொண்டதைக்கூட. சுருக்கிச் சொன்னால், "அவன் இவ்வளவு நேரம் கதைச்சவன், நீ ரெண்டு சொல்லுத்தான் சொல்லுறாய்" என்பார். விளம்பரம் வந்தது. சவர்க்காரமும் காரும். "அதையும் சொல்லு" என்றார். சொன்னேன்.

அந்த விஞ்ஞானிக்கு ஒரு மகள். முதல் பாகத்தில் சனநெரிசலில் காணாமல் போனவள். முதல் கிழமை நாங்கள் அவளுடைய தலைமயிரைப் பற்றிப் பகிடி விட்டிருந்தோம். கல்லை உடைத்தபிறகு, ஒரு கூடாரத்துக்குள் தகப்பன் அவளைக் கண்டுபிடிக்கிறான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசினார்கள். நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன்.

"என்ன சொல்லுறான்?"

"அண்ணை, நிப்பாட்டுவமே?"

"என்ன சொல்லுறான் எண்டு கேட்டனான்."

"நீ இருக்கிறாய் எண்டு தெரியுமாம். ஒரு நாளும் நம்பிக்கை விடேல்லையாம்."

"அவள்?"

"அப்பா வருவார் எண்டு தெரியுமாம்."

"பேந்து?"

"பேந்து ஒண்டுமில்லை. முடிஞ்சுது."

அவர் கதிரையைத் திரும்பச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை தன் பையையும் பிள்ளையார் படத்தையும் எடுத்துக்கொண்டு புறநகரான லா கூர்னெவ்வில் இருந்த ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு அவருடைய கடிதங்களை யார் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கூட்டாளியும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருடக் கடைசியில் அவன் வேறு இடம் போனான். ஆட்கள் மூலம் எனக்குச் செய்திகள் வந்தன. அண்ணைக்கு அகதிக் கார்ட் கிடைத்துவிட்டது. மனைவியையும் மகளையும் கூப்பிட்டுவிட்டார். பாரிஸுக்கு வெளியே திரான்சியில் வீடு. நல்லது என்று நினைத்தேன். நல்லபடியாக முடிந்தால் என் பங்கு கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு.

2014இல் ஒருநாள் தொலைபேசி அடித்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகும் குரல் உடனே தெரிந்தது.

"மனிசி உன்னைப் பாக்கோணுமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா."

ஒரு பெட்டி திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது இளைய மகள். பதினாறு வயது. அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றேன். சிறிய உருவம், கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். அண்ணை ஒரு மூலையில் இருந்தார். தட்டு எனக்கு மட்டும்தான் வைத்தார்கள். சோறு, நெத்தலிப் பொரியல், மரவள்ளிக் கறி. அக்கா மேசைக்கு எதிரே நின்றார். நான் மூன்றாவது வாய் எடுத்தபோது தொடங்கினார்.

"சாப்பிட்டுக்கொண்டு கேளுங்கோ. அண்டைக்கு இவர் எடுக்கேக்கை எனக்குப் பின்னாலை ஆறு பேர் நிண்டவை. இவர் முதல் கல்லைப் பற்றித்தான் சொன்னவர். நான் விளங்காமல், என்ன கல்லு, என்ன கல்லு எண்டு சத்தமாக் கேட்டன். பின்னாலை நிண்டதுகளுக்கும் கேட்டிட்டுது. பேந்துதான் பிள்ளையைப் பற்றிச் சொன்னவர். நான் விழுந்திட்டன்."

நான் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"சாப்பிடுங்கோ. பின்னேரத்துக்கிடையிலை எங்கடை பகுதி முழுக்கத் தெரியும். பிரான்சிலை இருந்து செய்தி, வியாழக்கிழமை வானத்திலை இருந்து விழப்போகுது எண்டு. எங்கடை சனத்துக்கு வானத்திலை இருந்து ஏதும் விழுதெண்டால் என்ன செய்யிறதெண்டு தெரியும்தானே. பங்கர் வெட்டுறது. பக்கத்துக் கூடாரத்திலை இருந்த என்ரை சொந்தத் தம்பி வந்து எங்கடை கூடாரத்துக்குப் பின்னாலை கோப்பையாலையும் தகரத்தாலையும் வெட்டத் தொடங்கினான். எனக்கும் இவளுக்கும் எண்டுதான் வெட்டினவன். நான் போகேல்லை. விழட்டும் எண்டு படுத்திருந்தன்."

காவலுக்கு நின்ற இராணுவத்தினர் வந்திருக்கிறார்கள். வேலிக்குக் கீழால் தப்பி ஓடச் சுரங்கம் வெட்டுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். எதற்கு வெட்டினாய் என்று கேட்டதற்கு, வியாழக்கிழமை வானத்திலிருந்து கல் விழப்போகிறது என்று அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். தங்களைக் கேலி பண்ணுகிறான் என்று அடித்திருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டு, கைபேசி வைத்திருந்தவரையும் பிடித்தார்கள். ஒன்பதாம் நாள் அக்காவின் தம்பி திரும்பிவந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. உழவு இயந்திரம் ஓட்டியவன். இப்போது வவுனியாவில் ஒரு கடை வாசலில் காவலுக்கு இருக்கிறான்.

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பிக் கேட்டார்.

"பகிடிக்கு, அக்கா."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடாரத்துக்குள் தாயோடு படுத்திருந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. "பூர் ரீர்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். வெறும் சிரிப்புக்காகவா? நானும் பிரெஞ்சிலேயே, ஆம் என்பதற்கு, "வுய்" என்றேன். அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அக்கா தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்:

"நீங்கள் அந்தப் பொய்யைச் சொல்லாட்டி, இவர் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கமாட்டார். நான் இண்டைக்கும் வேலிக்கரையிலைதான் நிண்டிருப்பன். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லுறதோ எண்டு கனநாளா யோசிச்சனான். முகத்தைப் பாத்தால் சொல்ல வருமோ எண்டுதான் கூப்பிட்டது."

நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வரேல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

வேண்டாம் என்றேன். கை கழுவப் போனபோது அவர் தட்டை எடுத்து, மிச்சத்தைக் குப்பைக்குள் தள்ளினார். திராட்சைப்பெட்டியை என் கையில் திருப்பித் தந்தார்.

அண்ணை ஸ்டேஷன்வரை கூட வந்தார். பாதி வழியில் நான், "அண்ணை, என்னை மன்னிச்சுக்..." என்று தொடங்கினேன்.

"வேண்டாம். உன்ரை பாரத்தைக் கொண்டுவந்து என்னட்டை இறக்காதை."

நடந்தோம். நான் விரல் மடங்காத அவருடைய மச்சானின் தொலைபேசி எண்ணைக் கேட்டேன். அவரோடு பேசவேண்டும், ஏதாவது செய்யவேண்டும் என்றேன். அண்ணை நின்றுவிட்டார்.

"அவனுக்கு அது படமெண்டு தெரியாது. நாங்கள் சொல்லேல்லை. ஒரு கல்லு வந்தது, கடைசி நேரத்திலை விலகிப் போட்டுது எண்டுதான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறான். தமக்கையையும் பிள்ளையையும் காப்பாத்த வெட்டினனான், அதுக்குத்தான் அடிவாங்கினனான் எண்டு சொல்லுவான். நீ எடுத்து என்ன சொல்லப்போறாய்?"

எண்ணைக் குறிக்க எடுத்த கைபேசியை நான் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"இனி வராதை" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பழைய தெருப் பக்கம், லா ஷப்பெல்லில், அவரை இரண்டு தடவை கண்டிருக்கிறேன். முதல் தடவை அவர் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போனார். இரண்டாவது தடவை, கோயில் தேர் நாளன்று, சனநெரிசலில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். விலக இடமிருக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள, மார்போடு மார்பு இடிபட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தேர் தாண்டிப் போகும்வரை நின்றோம்.